‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

(மகளிர் நாளையொட்டி நம் சமூகக் கூடத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு மகப்பேறு மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். “பெயர் எதற்கு, எல்லாருக்கும்தான் என்னைத் தெரியுமே” என்று அவர் சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை. கூட்டத்துக்கு வர முடியாத பலர் கேட்டதால் முழு உரையையும் வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)

பின்னால் சுவரோரம் நிற்கிற வீட்டு வேலைக்கு வரும் சகோதரிகள் முன்னால் வந்து உட்காருங்கள். நாற்காலி நிறைய காலியாக இருக்கிறது. இன்று நான் பேசப்போவது உங்களுக்கும்தான். தயங்கித் தயங்கி வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிற நான்கைந்து ஆண்களும் எழுந்து போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

செயலாளர் என்னிடம், “சர்க்கரை நோய் பற்றிப் பேசுங்களேன் மேடம், எல்லாருக்கும் பயன்படும்” என்றார். சர்க்கரை நோய் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் கூடத்திலேயே மூன்று முகாம் நடந்துவிட்டது. யாரும் கூடத்தில் பேசாத ஒன்றைப் பேசுகிறேன் என்றேன். கருக் கலைந்த பிறகு வருகிற ரத்தப்போக்கு. தானாகக் கலைந்தாலும் சரி, நாமாகக் கலைத்தாலும் சரி, அதற்குப் பிறகு எத்தனை நாள் ரத்தம் போகலாம், எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும். இவ்வளவுதான் தலைப்பு.

கலைக்கலாமா, கூடாதா என்று விவாதிக்க நான் வரவில்லை. அது அவரவர் முடிவு. ஆனால் கலைந்த பிறகு ஒரு பெண் சாகக்கூடாது. அதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

1994இல் நான் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது இருபத்தாறு. உதடு, நகம், கண்ணின் கீழிமை எல்லாம் காகிதம்போல வெளுத்திருந்தன. ஹீமோகுளோபின் மூன்றரை கிராம். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று குழந்தைகள், நான்காவது வேண்டாம் என்று பக்கத்து ஊரில் ஓர் இடத்தில் கலைத்திருக்கிறாள். பத்தொன்பது நாளாக ரத்தம் போயிருக்கிறது. மாமியாருக்குத் தெரியாமல் துணியை மாற்றி, தெரியாமல் துவைத்து, தெரியாமல் காயவைத்திருக்கிறாள். வயலுக்கும் போயிருக்கிறாள். ரத்தம் ஏற்றி, உள்ளே தங்கியிருந்ததை எடுத்து, பிழைக்க வைத்தோம். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தபோது கேட்டேன், “ஏம்மா இவ்வளவு நாள் வரல?” என்று. “எல்லாருக்கும் கொஞ்ச நாளு போகும்னு சொன்னாங்க டாக்டரம்மா. கொஞ்ச நாளுன்னா எவ்வளவுன்னு யாரைப் போய்க் கேக்குறது?”

அந்தக் கேள்வியை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. படிக்காத பெண், தெரியாமல் இருந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து அதே தப்பை நானே செய்தேன்.

அப்போது மாலையில் தனியாகவும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆசிரியை. எட்டு வாரத்தில் குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்று ஸ்கேனில் தெரிந்து, மாத்திரை கொடுத்திருந்தேன். மறுநாள் இரவு போன் செய்தார். “டாக்டர், கொஞ்சம் அதிகமா போகுது.” நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “அப்படித்தான்மா இருக்கும், படுத்துக்கோங்க, காலையில வாங்க” என்று சொல்லிவிட்டேன். காலையில் அவர் வரவில்லை. குளியலறையில் மயங்கி விழுந்து, தலையில் அடிபட்டு, வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். பிறகு பார்த்தபோது என்னைக் குறை சொல்லவில்லை. “நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டாக்டர், மணிக்கு மூணு பேட் மாத்தினேன்” என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்கவில்லை. ‘கொஞ்சம் அதிகம்’ என்று அவர் சொன்னார், ‘அப்படித்தான் இருக்கும்’ என்று நான் சொன்னேன். இரண்டு சொல்லுக்கும் அளவே கிடையாது. அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் என் முதல் கேள்வி, “கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை பேட்?” என்பதுதான். இன்று உங்களிடம் சொல்ல வந்ததும் இதைத்தான். ‘கொஞ்சம்’, ‘நிறைய’, ‘ரொம்ப’ என்ற சொற்களை விட்டுவிடுங்கள். பேட்டை எண்ணுங்கள், மணியைப் பாருங்கள்.

எண்ணுவதற்கு முன்னால், ஏன் ரத்தம் வருகிறது என்று தெரிந்துகொள்வோம். கரு ஒட்டியிருந்த இடம் கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒரு புண் மாதிரி. அங்கே ரத்தக்குழாய்கள் திறந்துகிடக்கும். அவற்றை அடைப்பது மருந்து அல்ல, கர்ப்பப்பையின் தசைதான். அந்தத் தசைநார்கள் கூடைப் பின்னல்போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை இறுகும்போது நடுவே போகிற ரத்தக்குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும். வயிற்றை முறுக்கிப் பிடிக்கிற வலி வருவது இதனால்தான். உள்ளே ஏதாவது துணுக்கு தங்கிவிட்டால் தசையால் முழுதாக இறுக முடியாது. கதவிடுக்கில் செருப்பு மாட்டிக்கொண்டதைப் போல. எத்தனை முறை தள்ளினாலும் கதவு சாத்தாது, ரத்தமும் நிற்காது. நீண்ட நாள் போகிற ரத்தத்துக்கு மிகவும் பொதுவான காரணம் இதுதான்.

மாத்திரையால் கலைத்தால் என்ன நடக்கும்? இந்த மாத்திரைகள் இந்தியாவுக்கு வந்தது 2002இல். ஒன்பது வாரம் வரைதான் இங்கே அனுமதி. முதல் மாத்திரை போட்டதும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துப் போடுகிற இரண்டாவது மருந்துக்குப் பிறகு சில மணி நேரத்தில் வலியும் ரத்தமும் தொடங்கும். அந்த முதல் சில மணி நேரம் மாதவிலக்கைவிடக் கூடுதலாகவே போகும், கட்டி கட்டியாகவும் வரும். எலுமிச்சம்பழ அளவு வரை ஒன்றிரண்டு கட்டி வந்தால் பயப்பட வேண்டாம். குளிர், நடுக்கம், லேசான சூடு, வயிற்றுப்போக்கு இவையெல்லாம் அந்த மருந்தாலேயே முதல் நாள் வரும். அதற்குப் பிறகு குறையத் தொடங்க வேண்டும். மாதவிலக்கு போல, பிறகு அதைவிடக் குறைவாக, பிறகு பழுப்பாகப் படுவதுபோல. சராசரியாக ஒன்பது முதல் பதினாறு நாள் வரை இருக்கும். நூறு பேரில் எட்டுப் பேர் வரை முப்பது நாளோ அதற்கு மேலோ பட்டுக்கொண்டே இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். முப்பது நாள் வரை போகலாம் என்றால் முப்பது நாள் வரை பொறுத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நாள் கணக்கைவிட முக்கியம் ரத்தம் போகிற போக்கு. அது இறங்குமுகமாக இருக்கிறதா என்று பாருங்கள். நேற்றைவிட இன்று குறைவு, போன வாரத்தைவிட இந்த வாரம் குறைவு என்றால் இருபதாம் நாளானாலும் அவசரமில்லை. குறைந்து நின்றது மறுபடி பத்தாம் நாள் புது ரத்தமாகக் கொட்டினால் நாள் குறைவுதானே என்று இருக்கக்கூடாது. இடையில் மாடிப்படி ஏறி இறங்கினாலோ, கனமான சாமான் தூக்கினாலோ ஒரு வேளை கூடுதலாகப் பட்டு மறுபடி அடங்கும். அது வேறு.

கருவியால் உறிஞ்சி எடுக்கும் முறையில் செய்திருந்தால் ரத்தம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். சில நாளில் நிற்கும், அல்லது விட்டு விட்டு இரண்டு வாரம் வரை படும்.

சரி, எண்ணிக்கைக்கு வருகிறேன். கைப்பேசியில் குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய அளவு பேட், ஒரு மணி நேரத்தில் இரண்டு முழுக்க நனைகிறது, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் உடனே ஆஸ்பத்திரி. நடு ராத்திரியானாலும் சரி. ‘காலையில் பார்க்கலாம்’ என்பது இங்கே கிடையாது. நனைவது என்றால் மேலே கறைபடுவது அல்ல, பேட் கனத்துத் தொங்குகிற அளவு. துணி பயன்படுத்துகிறவர்கள், பிழிந்தால் சொட்டும் என்கிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் கப், டாம்பான் வேண்டாம். எண்ணுவதற்குப் பேட்தான் வசதி. மணிக்கு ஒரு பேட் என்று பல மணி நேரம் விடாமல் போனாலும் மருத்துவரிடம் பேசுங்கள். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் இரண்டு பேட் கணக்குக்காகக் காத்திருக்கவே வேண்டாம். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்பநல ஆய்வு. அதாவது இந்தக் கூடத்தில் பாதிக்கு மேல். பணக்கார வீடு, ஏழை வீடு என்ற கணக்கெல்லாம் அதற்குத் தெரியாது.

பேட் கணக்கு சரியாக இருந்தும் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பு சில்லென்று வியர்க்கிறது என்றாலும் உடனே போக வேண்டும். ரத்தம் வெளியே வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. வயிற்றுக்குள்ளேயும் கசியலாம். ஏன் என்றால், சில சமயம் கரு கர்ப்பப்பையில் இல்லாமல் கருக்குழாயில் வளர்ந்திருக்கும். கலைக்கிற மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. மாத்திரை போட்டாயிற்று, ரத்தமும் பட்டது, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது குழாய் வெடிக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம். இந்த மூன்றில் எது வந்தாலும் நேரத்தைக் கடத்தாதீர்கள். “தோள் வலிக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்” என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மாத்திரைக்கு முன்னால் கரு எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளச் சொல்கிறோம். கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவதில் நான் பயப்படுவது மாத்திரையைப் பார்த்து அல்ல, இந்தப் பார்க்காமல் விட்டதைப் பார்த்து. 2015ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் என்று ‘லான்செட்’ இதழ்க் குழுமத்தில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை.

அடுத்தது காய்ச்சல். 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் நான்கு மணி நேரம் நீடித்தால், அல்லது இரண்டாவது மருந்து போட்டு ஒரு நாள் கழிந்த பிறகு காய்ச்சல் வந்தால், உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். நாற்றமடிக்கிற கசிவு, அடிவயிற்றைத் தொட்டாலே வலி, வலி மாத்திரைக்கும் அடங்காத வலி இவையும் அதே வகை. சிலருக்குக் காய்ச்சலே வராமல் வெறும் வாந்தி, அசதி, வயிற்றுவலி மட்டும் இருக்கும். ஒரு நாள் கழிந்த பிறகும் உடம்பு அப்படி அடித்துப் போட்டதுபோல இருந்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

இன்னொன்று, ரத்தமே வராதது. இரண்டாவது மருந்து போட்டு இருபத்துநான்கு மணி நேரத்தில் ரத்தம் வரவில்லை, அல்லது சும்மா பொட்டுப் பொட்டாகத்தான் வந்தது என்றால் கரு கலையாமல் இருக்கலாம். அப்பாடா என்று இருந்துவிடக்கூடாது. வாந்தியும் மார்பு வலியும் இரண்டு வாரத்துக்குப் பிறகும் போகவில்லை என்றாலும் அப்படித்தான். வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துக் குழம்பாதீர்கள். கரு முழுதாகப் போன பிறகும் நான்கு வாரம் வரை அந்த அட்டையில் இரண்டு கோடு காட்டலாம்.

அவசரம் இல்லை, ஆனால் ஓரிரு நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்று உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் மாதவிலக்கின் இரண்டாம் நாள் மாதிரியே போய்க்கொண்டிருப்பது. பட்டுக்கொண்டிருப்பது வேறு, போய்க்கொண்டிருப்பது வேறு. நம் பெண்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கேட்கிறவர்கள்தான் கேட்பதில்லை.

இந்த நேரத்தில் பலர் செய்கிற காரியம், மருந்துக் கடையில் போய் “ரத்தம் நிக்கிற மாத்திரை” கேட்பது. மாதவிலக்கைத் தள்ளிப்போடப் போடுகிற மாத்திரையையே சிலர் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே துணுக்கு இருக்கும்போது அதைப் போட்டால் நான்கு நாள் அடங்கினாற்போல இருந்து, பிறகு மொத்தமாகக் கொட்டும். அதற்குள் கிருமியும் சேர்ந்திருக்கும். வாழைப்பூப் பொரியல் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் வாழைப்பூ துணுக்கை வெளியே எடுக்காது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்ற பயமும் ஒரு காரணம். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். உள்ளே சோதிப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். துணுக்கு இருந்தால் சிலருக்கு மறுபடி மருந்தே போதும். சிலருக்குக் கையால் இயக்குகிற ஒரு குழல் கருவியால் உறிஞ்சி எடுப்பார்கள், ஐந்து பத்து நிமிட வேலை. நாம் எல்லாவற்றையும் ‘டி.என்.சி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். சுரண்டி எடுக்கிற அந்தப் பழைய முறையைவிட உறிஞ்சும் முறையே நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நீங்கள் கேட்கலாம், “டாக்டர், எந்த முறையில் செய்யப் போறீங்க?” என்று. கேட்பதில் தப்பே இல்லை. அதேபோல, ஸ்கேனில் ‘கொஞ்சம் கட்டி இருக்கிறது’ என்று எழுதியிருந்தாலே சுத்தம் செய்தாக வேண்டும் என்றும் இல்லை. மாத்திரைக்குப் பிறகு எல்லார் கர்ப்பப்பையிலும் கொஞ்சம் ரத்தக்கட்டி தெரியும். உடம்பு நன்றாக இருந்து ரத்தமும் குறைந்துகொண்டிருந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம். என் வகுப்புத் தோழர்களே சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் முப்பது வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

போகும்போது கடைசியாகக் குளித்த தேதி, மாத்திரை போட்ட தேதி, மாத்திரை அட்டை, ரத்த வகை, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரை போட்டதை மறைக்காதீர்கள். மறைத்தால் எங்கள் கணக்குத் தப்பும். எந்த மருத்துவருக்கும் அவசர நிலையில் வருகிறவரைத் திருப்பி அனுப்ப உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது.

“வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமாமே” என்று பாதிப் பெண்கள் தள்ளிப்போடுகிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை. 2021இல் செய்த திருத்தம், அந்தப் பெண்ணின் பெயரையும் விவரத்தையும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்கிறது. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது.

மருத்துவர் வாயைச் சட்டம் கட்டியிருக்கிறது. நம் வாயை யார் கட்டுவது?

போன வருடம் ஒரு இரவு நம் வளாகத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. எந்த பிளாக் என்று சொல்லமாட்டேன். வாசலில் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே விடுவேன் என்று செக்யூரிட்டி தம்பி நிறுத்தினார். அவர் மேல் தப்பில்லை, நாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். எந்த வீடு, யாருக்கு, என்ன உடம்பு என்று கேட்டு எழுதி, வண்டி உள்ளே வர ஏழெட்டு நிமிடம். அதற்குள் நம் வாட்ஸப் குழுவில் நாற்பது செய்தி. ‘ஆம்புலன்ஸ் யாருக்கு?’, ‘என்ன ஆச்சு?’, ‘எந்த ஃப்ளோர்?’ அக்கறையில் கேட்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மணிக்கு இரண்டு பேட் போகிற ஒரு பெண் அந்தக் குழுவிலும் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 108க்குப் போன் செய்வாளா? நாற்பது செய்திக்கு பயந்து விடியும்வரை படுத்துக்கிடப்பாள். 1994இல் அந்தப் பெண் மாமியாருக்குப் பயந்தாள். இன்றைக்கு நாம் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு மாமியாராக இருக்கிறோம்.

(இதற்குப் பிறகு, பெயர் எழுதாமல் டப்பாவில் போடப்பட்ட கேள்விச் சீட்டுகளை மருத்துவர் எடுத்து வாசித்துப் பதில் சொன்னார். சிலவற்றை மட்டும் தருகிறோம்.)

‘எனக்குத் தானாகக் கலைந்தது. நான் என்ன தப்பு செய்தேன்?’ ஒன்றும் செய்யவில்லை அம்மா. தெரிய வருகிற கர்ப்பங்களில் பத்தில் ஒன்றிரண்டு தானாகக் கலைகிறது. பெரும்பாலும் கருவிலேயே இருக்கிற குறை. பப்பாளி சாப்பிட்டதாலோ, பஸ்ஸில் போனதாலோ அல்ல. உங்களுக்கும் ரத்தக் கணக்கு இதேதான்.

‘வலிக்கு என்ன போடலாம்?’ ஒத்துக்கொள்கிறவர்களுக்கு இபுப்ரோஃபென். அல்சர், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தம் கூடும்.

‘ரத்தம் நிற்கும் முன்பே மறுபடி கர்ப்பம் ஆகுமா?’ ஆகும். பத்து நாளுக்குள்ளேயேகூட சினைமுட்டை வெளியாகலாம். மாதவிலக்கு வந்த பிறகு யோசிக்கலாம் என்றால் நேரம் கடந்துவிடும். ரத்தம் நிற்கிறவரை தாம்பத்தியம் வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்வது. அதற்குள் எந்தக் கருத்தடை முறை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

‘இரும்புச்சத்து மாத்திரை எத்தனை நாள்?’ ஹீமோகுளோபினைப் பொறுத்து. நிறைய ரத்தம் போயிருந்தால் சில மாதம். காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், மாத்திரை வீண். எலுமிச்சைச் சாறோடு போடுங்கள்.

கடைசிச் சீட்டு. ‘இன்று 17ஆம் நாள். இன்னும் இருக்கிறது. நாளைக்கு ஒரு பேட் போதுகிறது. காய்ச்சல் இல்லை. போகணுமா?’

எழுதியவர் இங்கே இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள். அம்மா, நீங்கள் எண்ணி எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நாளைக்கு ஒன்று, காய்ச்சல் இல்லை, போன வாரத்தைவிடக் குறைவு என்றால் இன்று ராத்திரி ஓட வேண்டியதில்லை. ஆனால் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். இரண்டாம் வாரத்தில் குறைந்து இப்போது மறுபடி ஏறுகிறது என்றால் நாளைக்கே போங்கள். நாற்றம், காய்ச்சல், தலைசுற்றல் எது வந்தாலும் இன்றைக்கே. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சி பிளாக், முதல் மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு. மணி அடியுங்கள். பத்து மணிக்கு மேலானாலும் பரவாயில்லை, நான் சீக்கிரம் தூங்குகிறவள் இல்லை.

(ஆசிரியர் குழுவின் குறிப்பு: இந்த உரைக்குப் பின் கூடிய நிர்வாகக் குழு, ஆம்புலன்ஸ் எந்த நேரம் வந்தாலும் பதிவேட்டுக்காக வாசலில் நிறுத்தக்கூடாது என்றும், வண்டி எண்ணை மட்டும் பிறகு குறித்துக்கொள்ளலாம் என்றும் முடிவு செய்து பாதுகாப்பு அறையில் அறிவிப்பு ஒட்டியுள்ளது. ஆம்புலன்ஸ் வருகை பற்றிக் குழுவில் கேள்வி கேட்டுப் பதிவிட வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.)